மூன்றாம் தவணையின் கடைசி வாரங்கள்: பிள்ளையை அடுத்த தரத்துக்கு ஆயத்தப்படுத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் திருகோணமலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. மூன்றாம் தவணைப் பரீட்சை முடிந்த மறுநாளிலிருந்து பாடசாலைப் படலையடியில் பெற்றோர் என்னை மறித்துக் கேட்பவை ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான். புதிதாக நியமனம் பெற்று வரும் இளம் ஆசிரியர்களும் வேறு சில கேட்கிறார்கள். மழைக்குள் குடையோடு நின்று அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே ஆறுதலாக எழுதியிருக்கிறேன். தரம் 1 முதல் 5 வரை உள்ள பிள்ளைகளை நினைத்தே எழுதுகிறேன். 2022, 2023, 2024 ஆகிய பாடசாலை ஆண்டுகள் ஜனவரியில் தொடங்கவில்லை. நோன்பையொட்டி முஸ்லிம் பாடசாலைகளின் தவணை நாட்களும் வேறுபடும். அதனால் நான் டிசம்பர் என்று எழுதும் இடத்தில் உங்கள் பாடசாலையின் ஆண்டு இறுதி எதுவோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பரீட்சைதான் முடிந்துவிட்டதே, இனியும் பிள்ளையை அனுப்ப வேண்டுமா?

கட்டாயம் அனுப்புங்கள். ஆண்டு முழுவதும் எனக்குக் கிடைக்காத ஒன்று இந்த நாட்களில்தான் கிடைக்கிறது. அது நேரம். பாடத்தை முடிக்க வேண்டும் என்ற அவசரம் இப்போது இல்லை. முப்பத்தைந்து பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரையும் பக்கத்தில் இருத்தி ஒரு பந்தி வாசிக்கச் சொல்லிக் கேட்க மார்ச் மாதத்தில் என்னால் முடியாது. கடைசி வாரங்களில் முடியும். பரீட்சைத் தாளில் தெரியாத பல விஷயங்கள் அப்படிக் கேட்கும்போது தெரியவருகின்றன. கவலை என்னவென்றால், அந்த நாட்களில் வராமல் நின்றுவிடும் பிள்ளைகள்தான் பெரும்பாலும் அந்தக் கவனம் கூடுதலாகத் தேவைப்படும் பிள்ளைகள்.

வெள்ளம் ஏறிய வீதியால் அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. நமக்கு வடகீழ்ப் பருவமழை கொட்டும் காலமும் ஆண்டு இறுதியும் ஒன்றாகவே வருகின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது தவணையின் கடைசி நாட்கள் எப்படிக் குழம்பின என்று எல்லோரும் பார்த்தோம். அப்படியான நாட்களில் வீட்டில் இருப்பதே சரி. வெறும் தூறலுக்கு மறிக்காதீர்கள்.

விடுமுறையில் அடுத்த தரத்துப் பாடப்புத்தகத்தை முன்கூட்டியே படிப்பிக்கலாமா?

வேண்டாம். பெற்றோரிடம் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான்.

காரணத்தை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தரம் 3 வகுப்புக்கு நவம்பரிலேயே தரம் 4 கணிதத்தைத் தொடங்கினேன். பிள்ளைகள் கெட்டித்தனமாகச் செய்தார்கள், பெற்றோருக்கும் சந்தோஷம். ஜனவரியில் அந்த வகுப்பை எடுத்த ஆசிரியை இரண்டு வாரம் கழித்து என்னிடம் வந்து, பத்துப் பிள்ளைகளுக்குமேல் 52 இலிருந்து 27 ஐக் கழிக்கத் தெரியாமல் இருக்கிறார்கள் என்றார். 7 இலிருந்து 2 ஐக் கழித்து 35 என்று எழுதியிருந்தார்கள். பிழை அந்தப் பிள்ளைகளுடையது அல்ல. நான் உறுதிப்படுத்த வேண்டியதை விட்டுவிட்டு மேலே கட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

புத்தகத்தை முன்பே முடித்துவிட்டு வரும் பிள்ளைக்கு வகுப்பில் இன்னொரு தொல்லையும் உண்டு. "இது எனக்குத் தெரியும்" என்று பாதிக் கேள்வியிலேயே காது கொடுப்பதை நிறுத்திவிடும். தெரிந்தது விடையாக இருக்கும், வழியாக இருக்காது. புதுப் புத்தகம் கைக்கு வந்ததும் பிள்ளை ஆசையோடு படம் பார்க்கட்டும், புரட்டட்டும், மணந்து பார்க்கட்டும். அவ்வளவு போதும். விடுமுறையில் செய்ய வேண்டிய வேலை பழைய புத்தகத்தில் இருக்கிறது.

என் பிள்ளை அடுத்த தரத்துக்குத் தயாரா என்று வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

வாசிப்பிலிருந்து தொடங்குங்கள். பாடப்புத்தகத்துக் கதையைக் கொடுக்காதீர்கள். அதைப் பல பிள்ளைகள் மனப்பாடமாகவே வைத்திருப்பார்கள். கண் படத்தில் இருக்க வாய் ஓடிக்கொண்டிருக்கும். இதுவரை பார்த்திராத ஒரு சிறு பந்தியைக் கொடுங்கள். பத்திரிகையின் சிறுவர் பக்கமோ பிஸ்கட் பெட்டியில் அச்சடித்திருப்பதோ எதுவானாலும் சரி. வாசித்து முடித்ததும் "என்ன சொல்லியிருக்கு?" என்று கேளுங்கள். எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்து, வசனத்தின் முடிவுக்கு வரும்போது தொடக்கத்தை மறந்துவிடுகிற பிள்ளைக்குத் தரம் 3 இல் எல்லாப் பாடமும் பாரமாகிவிடும். கணித வசனக் கேள்வியையும் வாசித்துத்தானே செய்ய வேண்டும்?

பிறகு, நீங்கள் சொல்லச் சொல்ல நான்கைந்து வசனம் எழுதச் சொல்லுங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் காதில் கேட்பதுபோலவே எழுதுகிறார்கள். மழை "மளை" ஆகிறது, பழம் "பளம்" ஆகிறது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மாறி கோயில் "கொயில்" ஆகிறது. இதற்காகத் திட்டாதீர்கள். நாமே பேசும்போது அப்படித்தான் உச்சரிக்கிறோம். பிள்ளை திரும்பத் திரும்பப் பிழைவிடும் பத்துச் சொற்களை மட்டும் எடுத்துச் சிறு மட்டைகளில் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டுங்கள். பத்தும் சரியாக வந்த பிறகு வேறு பத்து. நூறு சொற்களைக் கொடுத்தால் ஒன்றும் நிற்காது.

எண்களுக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டும். அங்கேதான் கூடுதலாக இடறுகிறார்கள்.

எண்களில் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள்?

தமிழில் எண்ணும் பிள்ளைக்கென்றே சில இடறல்கள் இருக்கின்றன. எழுபது, எண்பது என்று போன வரிசை அடுத்துத் தொண்ணூறு என்கிறது. 90 இன் பெயருக்குள் "நூறு" வந்து குந்தியிருக்கிறது! எண்ணூறு என்பது 800, ஆனால் தொண்ணூறு 90. காதுக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. அதேபோல் எழுநூறு, எண்ணூறு என்று போய்த் தொள்ளாயிரம் வந்ததும் "ஆயிரம்" என்ற ஒலியைக் கேட்டு 9000 என்று எழுதுகிற பிள்ளைகள் வருடாவருடம் என் வகுப்பில் உண்டு. நூற்றைந்தை 1005 என்று எழுதுவதும் இதே கதைதான். நூறைக் கேட்டது, 100 எழுதியது. ஐந்தைக் கேட்டது, பக்கத்தில் 5 எழுதியது. பிள்ளை தன் காதை நம்பி ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறது.

சொல்லிச் சொல்லித் திருத்த இது வராது. கையால் தொட வேண்டும். தென்னோலை ஈர்க்கை ஒரே அளவாக முறித்துப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டுங்கள். பத்துக் கட்டைச் சேர்த்துப் பெரிய கட்டாக்கினால் நூறு. "நூற்றைந்து எடு" என்றால் பிள்ளை ஒரு பெரிய கட்டையும் ஐந்து தனி ஈர்க்கையும் எடுக்க வேண்டும். நடுவில் பத்துக்கட்டு ஒன்றுமில்லை, அதற்குத்தான் அந்தப் பூச்சியம். ஒருமுறை கை அதைப் பிடித்துவிட்டால் பிறகு கொப்பியில் 105 தானாக வரும். மேலே சொன்ன 52 - 27 உம் இப்படித்தான் விளங்கும். இரண்டு தனி ஈர்க்கிலிருந்து ஏழு எடுக்க முடியாதபோது பிள்ளையே ஒரு கட்டை அவிழ்க்கும்.

வாய்ப்பாடு மனப்பாடமாக இருக்கட்டும், அதில் பிழையில்லை. ஆனால் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகும் நாளில், ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் மூன்று வாளி தண்ணீர் அள்ளினால் மொத்தம் எத்தனை வாளி என்று ஒருதரம் கேட்டுப் பாருங்கள். ஏழாம் வாய்ப்பாட்டை மணிபோல ஒப்பிக்கிற பிள்ளையும் சற்று நின்று யோசிக்கும். அந்த யோசனைதான் வேண்டும். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குக் கிண்ணியாப் பாலம். அதன் நீளம் 396 மீற்றர். 400 க்கு எவ்வளவு குறைவு, இரண்டு முறை போய் வந்தால் ஒரு கிலோமீற்றரைத் தாண்டுமா என்று பஸ்ஸில் போகும்போதே கேட்கலாம்.

தரம் 2 வரை நன்றாகச் செய்த பிள்ளை தரம் 3 இல் பின்வாங்குவது ஏன்?

நம் ஆரம்பக் கல்வி மூன்று முதன்மை நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தரம் 1, 2 முதலாவது; 3, 4 இரண்டாவது; தரம் 5 மூன்றாவது. முதலாவது நிலையில் கற்றல் பெரும்பாலும் விளையாட்டினூடாக நடக்கிறது. இரண்டாவதில் விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை மூன்றுக்கும் ஏறத்தாழச் சமமான இடம். தரம் 5 இல் எழுத்து வேலை முன்னுக்கு வந்துவிடும். ஆகவே தரம் 2 இலிருந்து 3 க்குப் போகும் பிள்ளை ஒரு படி ஏறுவதோடு, படிக்கிற விதத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாயில் இருந்து பாடி ஆடியது குறைகிறது. கதிரையில் இருந்து எழுதும் நேரம் கூடுகிறது. அதுவரை பேச்சாகவும் பாட்டாகவும் இருந்த ஆங்கிலம் பாடப்புத்தகத்தோடு வருகிறது.

தரம் 2 ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைசித் தவணையில் எழுதும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பத்து நிமிடம், பிறகு பதினைந்து. கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதவும் பழக்குங்கள். பலகையைப் பார்த்து, நினைவில் வைத்து, குனிந்து எழுதி, மீண்டும் அதே இடத்தைத் தேடிப் பிடிப்பது சின்னப் பிள்ளைக்குப் பெரிய வேலை. பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் பிள்ளையைக் கவனித்து வையுங்கள். பெற்றோரிடம் சொல்லி விடுமுறையிலேயே கண்ணைக் காட்டச் செய்யலாம்.

புலமைப்பரிசில் பரீட்சை முடிந்த தரம் 5 பிள்ளைகளை என்ன செய்வது?

பரீட்சை முடிந்த கையோடு புத்தகங்கள் மூடப்படுகின்றன. இரண்டு வருடம் விடிய எழுப்பி ஓடவைத்த பிள்ளைக்கு ஓய்வு தேவைதான், அதை மறுக்கவே மாட்டேன். இரண்டு வாரம் விளையாட விடுங்கள். அப்புறம் தரம் 6 என்ற ஒன்று வருவதை நினையுங்கள்.

இதுவரை ஒரு ரீச்சர், ஒரு வகுப்பறை. இனிப் பாடத்துக்கொரு ஆசிரியர். மணியடித்தால் ஒருவர் போக இன்னொருவர் வருவார். விஞ்ஞானம், வரலாறு, புவியியல் என்று பாடங்கள் பிரியும். விடையின் கீழ் கோடிட்டும் இலக்கத்தைத் தெரிவுசெய்தும் பழகிய பிள்ளை, தன் சொந்த வசனத்தில் அரைப் பக்கம் எழுத வேண்டியிருக்கும். ஆகவே இந்த மாதங்களில் நான் மாதிரி வினாத்தாளைத் தொடவே மாட்டேன். நேர அட்டவணையைப் பார்த்துப் பையை அடுக்கப் பழக்குகிறேன். ஒரு பந்தியைக் கொடுத்து முக்கியமானதைத் தன் சொல்லில் குறிப்பெடுக்கச் சொல்கிறேன். வெட்டுப்புள்ளி கிடைக்காத பிள்ளைகள் இந்த நாட்களில் மிகவும் குறுகிப்போய் இருப்பார்கள். அவர்களுக்கு வகுப்பில் பொறுப்பு ஏதாவது கொடுங்கள். தரம் 1 பிள்ளைகளுக்குக் கதை வாசிக்க அனுப்புங்கள். ஆறு வயதுப் பிள்ளை வாயைப் பிளந்து கேட்கும்போது வாசிக்கிறவரின் முதுகு நிமிர்வதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் தயவுசெய்து புள்ளியைப் பற்றிய பேச்சை நிறுத்துங்கள்.

விடுமுறைக்கு ரியூசன் தேவையா?

தரம் 1 முதல் 3 வரை தேவையில்லை. வாசிக்க மிகவும் கஷ்டப்படும் பிள்ளை என்றால் ஐம்பது பேர் இருக்கும் இடத்தில் இன்னொன்றாக இருத்துவதால் பயனில்லை; பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். அக்காவோ சித்தியோ நாளுக்குப் பத்து நிமிடம் இருந்தால் அதைவிடப் பெரிய ரியூசன் கிடையாது.

ஆசிரியர் கேட்பது: கடைசி வாரங்களில் வகுப்பில் என்ன செய்யலாம்? பிள்ளைகள் அடங்குவதில்லையே.

அடங்கியிருக்க வேண்டிய வேலையைக் கொடுத்தால் அடங்கமாட்டார்கள்தான். நான் முதலில் செய்வது சிறுவர் சந்தை. பல பாடசாலைகளில் இதை ஒரு நாள் விழாவாக நடத்தி முடித்துவிடுகிறார்கள். நான் ஒரு வாரமாக இழுப்பேன். திங்களன்று என்னென்ன விற்பது என்று பட்டியல். அது எழுத்து. செவ்வாயன்று விலை குறிப்பது. வல்லாரையும் முருங்கைக்கீரையும் ஒரு கட்டு என்ன விலை என்று வீட்டில் விசாரித்து வர வேண்டும். புதனன்று விளம்பரப் பலகை. நம் ஊர்க் கடைப் பலகைகள் போலத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுத முயல்வார்கள். வியாழன் சந்தை. மிச்சக் காசு கொடுப்பதில்தான் கழித்தல் எவ்வளவு பிடிபட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியவரும். வெள்ளி கணக்குப் பார்ப்பது, அதோடு "எனக்கு நடந்தது" என்று ஆறு வசனம் எழுதுவது. வாய் திறக்காத பிள்ளை வாழைப்பழத்தைத் தூக்கிப்பிடித்துக் கூவி விற்கும்.

இன்னொன்று, அடுத்த ஆண்டு இந்த வகுப்புக்கு வரப்போகும் பிள்ளைக்குக் கடிதம். "உனக்கு இந்த வகுப்பில் எது கஷ்டமாக இருக்கும், எது நல்லாக இருக்கும்" என்று எழுதச் சொல்வேன். ஒரு பிள்ளை, "பெருக்கல் முதலில் பயமாக இருக்கும், பிறகு பயமில்லை, யன்னலோரம் இருந்தால் கோயில் மணி கேட்கும்" என்று எழுதியது. ஜனவரியில் புது வகுப்பு வந்ததும் அவரவர் மேசையில் ஒவ்வொரு கடிதமாக வைத்துவிடுவேன். வந்தவர்கள் வாசிக்கும் முதல் பாடம் அதுதான்.

தரம் 1 பிள்ளைகள் அடுத்த ஆண்டுக் கால்கோள் விழாவில் புதிதாக வருபவர்களை வரவேற்கப் பாட்டுப் பழகலாம். சுவரில் ஒட்டியிருக்கும் படங்களையும் நீங்களே கழற்றாதீர்கள். பிள்ளைகள் கழற்றட்டும், ஒவ்வொன்றையும் எப்போது, எதற்குச் செய்தோம் என்று சொல்லிக்கொண்டே கழற்றினால் ஆண்டு முழுவதும் படித்தது ஒருமுறை திரும்பிவிடும்.

அடுத்த ஆண்டு வகுப்பெடுக்கப் போகும் ஆசிரியரிடம் எதைக் கையளிக்க வேண்டும்?

புள்ளிப் பதிவேடு எப்படியும் போகும். அதில் இல்லாததை எழுதிக் கொடுங்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று வரி போதும். "வாசிப்பு நன்று, சத்தமாக வாசிக்க வெட்கம். கழித்தலில் கட்டவிழ்ப்பது இன்னும் உறுதியில்லை. தாய் வெளிநாட்டில், அம்மம்மாதான் கூட்டத்துக்கு வருவார்." இன்னொன்று: "இடது காது கேட்பது குறைவு, முன் வரிசையில் வலது பக்கத்துக்கு ஆசிரியர் இருக்கும்படி இருத்தவும். படம் வரையக் கெட்டி." முப்பத்தைந்து பிள்ளைக்கு எழுத இரண்டு பின்னேரம் போதும். இல்லாவிட்டால் அடுத்த ஆசிரியர் இதையெல்லாம் தானாகக் கண்டுபிடிக்க முதலாம் தவணை முழுவதும் போய்விடும்.

"குழப்படி", "மந்தம்" என்ற சொற்களை மட்டும் எழுதாதீர்கள். அந்தச் சொல் பிள்ளைக்கு முன்னால் அடுத்த வகுப்புக்குப் போய்க் கதிரையில் இருந்துவிடும். எப்போது குழப்புகிறது, எதைக் கொடுத்தால் அமைதியாகிறது என்று எழுதினால் உதவி.

பிள்ளை புது ரீச்சரை நினைத்துப் பயப்படுகிறது. என்ன செய்வது?

"அந்த ரீச்சரிட்ட போனால் தெரியும் உனக்கு" என்று வீட்டில் யாராவது வெருட்டியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பாதிப் பயம் அங்கேதான் தொடங்குகிறது. பாடசாலை முடிவதற்குள் ஒரு நாள் பிள்ளையை அடுத்த வகுப்பறைக்குக் கூட்டிப்போய் ஐந்து நிமிடம் இருந்துவிட்டு வர விடும்படி கேளுங்கள். நான் என் வகுப்பை அணியணியாக அனுப்பி ஏதாவது வாங்கிவரச் சொல்வேன்: வெண்கட்டி, ஒரு வரைபடம். முகம் தெரிந்துவிட்டால் பயம் பாதியாகிவிடும்.

முன்பள்ளியிலிருந்து தரம் 1 க்கு வரும் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

ஜனவரி 31 இல் ஐந்து வயது பூர்த்தியான பிள்ளை தரம் 1 க்கு வருகிறது. அந்த வயதுக்கு அதன் பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்ப்பது, கழிவறைக்குப் போகவேண்டும் என்று கூசாமல் கேட்பது, சாப்பாட்டுப் பெட்டியைத் தானே திறந்து மூடுவது, சப்பாத்து மாட்டுவது, இவையே பெரிய ஆயத்தம். விஜயதசமிக்கு ஏடு தொடக்கிய அன்றிலிருந்து அ, ஆ எழுதச் சொல்லி விரலை நெரிக்காதீர்கள். களிமண் பிசையட்டும், மணலில் கீறட்டும், அரிசியில் கல் பொறுக்கட்டும். விரலுக்குப் பலம் வந்த பிறகு பென்சில் தானாகப் பிடிபடும். தினமும் ஒரு கதை சொல்லுங்கள்.

முன்னேற்ற அறிக்கையில் எதைப் பார்க்க வேண்டும்?

எத்தனையாம் பிள்ளை என்பதைக் கடைசியாகப் பாருங்கள். போன தவணையோடு இந்தத் தவணையை ஒப்பிடுங்கள். ஆசிரியர் எழுதிய குறிப்பையும் வராத நாட்களின் எண்ணிக்கையையும் வாசியுங்கள். புள்ளி குறைந்ததற்காகப் பிள்ளையை அதே வகுப்பில் மறித்து வைக்கும் வழக்கம் ஆரம்பப் பிரிவில் இல்லை, பிள்ளை எப்படியும் மேலே போகும். அதனால்தான் எது குறைவாக இருக்கிறது என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்வது அவசியம். "எப்படிப் படிக்கிறான்?" என்று பொதுவாகக் கேட்காமல் "விடுமுறையில் ஒரே ஒரு விஷயம் செய்யலாம் என்றால் எதைச் செய்ய?" என்று கேளுங்கள். எந்த ஆசிரியரும் யோசித்துப் பதில் சொல்வார்.

பழைய கொப்பிகளை எறியலாமா?

எறிவதற்கு முன் ஒரு வேலை. தமிழ்க் கொப்பியில் முதல் மாதத்துப் பக்கம் ஒன்றையும் கடைசி மாதத்துப் பக்கம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிள்ளைக்குக் காட்டுங்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம். கோட்டுக்கு மேலும் கீழும் ஓடிய எழுத்து எப்போது கோட்டில் இருந்தது என்று அதுவே தேடிப் புரட்டத் தொடங்கும். மிச்சக் கொப்பிகளில் எழுதாத தாள்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்தால் விடுமுறைக்கு ஒரு கொப்பி ஆகிவிடும். தரம் 1 இன் முதல் கொப்பியை மட்டும் பத்திரமாக ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, மழைத் தண்ணீர் ஏறாத உயரத்தில் வையுங்கள்.